கோடிட்ட இடத்தை நிரப்புக

கிள்ளானில், ஸ்ரீ அண்டாலாஸ் பக்கம் என் அத்தை வீடு. சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்து தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வில்லன் மேசையைக் குத்திவிட்டு எழுந்தான், விரலை நீட்டினான், வாயைத் திறந்தான். 'பீ...ப்' என்று ஒரு சத்தம். அதன் வாலில் 'மகனே' மட்டும் தெளிவாகக் கேட்டது. தரையில் குப்புறப் படுத்துப் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த அத்தையின் பேரன், தலையைக்கூடத் தூக்காமல், அந்த இடைவெளிக்கு உரிய சொல்லைச் சொன்னான். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பகுதியில் முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. எல்லோரும் சிரித்தோம். அவன் அம்மா மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "எங்கடா கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்றாள். "இப்பத்தானே டிவியில சொன்னாங்க?" என்றான். டிவி சொல்லவில்லை, டிவி மறைத்தது. அந்த வித்தியாசம் அவனுக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் புரியவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவனுக்குப் பீப் என்ற ஒலி புதிதில்லை. எல்ஆர்டி கதவு மூடும் முன் அடிக்கிறது. டச் அண்ட் கோ அட்டையைத் தட்டினால் அடிக்கிறது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் சாவடி இருந்த காலத்தில், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர்களின் காலை அந்தச் சத்தத்தில்தான் விடிந்தது. 2018 ஜனவரி 1ஆம் தேதி அந்தச் சாவடிகளை எடுத்தார்கள். இந்தப் பீப்புகள் எல்லாம் நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்கின்றன: தள்ளி நில், பணம் கழிந்தது, நீ போகலாம். தொலைக்காட்சியின் பீப் மட்டும்தான் எதையோ சொல்லாமல் இருப்பதற்காக அடிக்கிறது.

சொல்லின் பிறப்பும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது ஒரு சின்னக் கீச்சொலிக்கான ஒலிக்குறிப்பு. 1957 அக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் வானத்திலிருந்து பீப் பீப் என்று அனுப்பியபோது உலகம் முழுக்க அந்த ஒலி பரவியது. வசவை மறைப்பது என்ற பொருளும், மறைக்கப்பட்ட வசவு என்ற பொருளும் பிறகுதான் அதோடு ஒட்டிக்கொண்டன. தமிழில் 'பீப் போட்டாங்க', 'பீப் பண்ணிட்டாங்க' என்கிறோம். கொஞ்சம் மலாய் கலந்து பேசுகிறவர்கள் 'பொத்தோங் பண்ணிட்டாங்க', அதாவது வெட்டிட்டாங்க, என்பார்கள். எழுத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தள்ளுவண்டிப் பலகைகளில் 'பீப் பிரியாணி' என்று கண்டால் அது மாட்டிறைச்சி. பகரத்துக்கு முன் ஆய்தம் போட மறந்ததால் தணிக்கையும் இறைச்சியும் ஒரே எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே சில ஊர்களில் இரண்டுமே சண்டைக்கு வழி.

அந்தக் குறிப்பிட்ட ஒலி ஏன்? வழக்கமான பீப் வினாடிக்கு 1000 அதிர்வு கொண்ட சீரான ஒலி. ஒலிபரப்பு நிலையங்களில் கருவிகளின் ஒலியளவைச் சரிபார்க்க அந்த ஒலி ஏற்கனவே கைவசம் இருந்தது. மறைப்பதற்கு என்று தனியாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அலமாரியில் கிடந்ததை எடுத்து மாட்டினார்கள். சங்கீதம் தெரிந்தவர்களுக்காக ஒரு குறிப்பு: ஆர்மோனியத்தில் ஏழு கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே, உச்ச ஸ்தாயியில் நிற்கிற சுரம் அது. மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடம். மறைக்க வந்த ஒலி இப்படி எடுப்பாக இருப்பதுதான் வேடிக்கை. பேச்சில் லேசாக நழுவிப் போயிருக்கக்கூடிய ஒரு வசவுக்கு அது மஞ்சள் கோடு இழுத்துவிடுகிறது.

நேரலைக்கு வேறு ஏற்பாடு. வானொலியில் நேயர்களை இணைப்பில் எடுக்கும் நிகழ்ச்சிகளில் பேச்சு சில வினாடி தாமதமாக வெளியே போகும். ஏழு வினாடி என்பது பேர்போன கணக்கு. அமெரிக்காவின் ஆலன்டவுன் நகர வானொலியில் 1952 வாக்கில் அது தொடங்கியதாகச் சொல்வார்கள். யாராவது வாய் தவறினால் நிலையத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த வினாடிகள் விழுங்கப்பட்டுவிடும். அடுத்து வரும் பேச்சில் உள்ள இடைவெளிகளைக் காதுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, இழந்த தாமதத்தைக் கருவி மீண்டும் சேமித்துக்கொள்ளும். பீப்பைவிட இது நாகரிகமானது. ஏதோ நடந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

ஆனால் இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கனவே ஒரு பெயர் உண்டு. இடக்கரடக்கல். பள்ளியில் தகுதி வழக்கு படித்தபோது மங்கலம், குழூஉக்குறி இரண்டுக்கும் பக்கத்தில் அதுவும் இருந்தது. சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மூடிச் சொல்வது. மலம் கழித்து வந்ததை 'கால் கழுவி வந்தேன்' என்பது எல்லோரும் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலுக்கு முன்பே, தொல்காப்பியம் அவையில் சொல்லத்தகாத சொற்களை 'அவையல் கிளவி' என்று பெயரிட்டு, அவற்றை மறைத்துச் சொல்லச் சொல்கிறது. அதற்கு அடுத்து வருகிற விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது: பேசிப் பேசிப் பழகிப்போன சொல்லாக இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. உரைகாரர்கள் காட்டும் சான்றுகள் பசுவின் ஆப்பியும், ஆட்டுப் பிழுக்கையும், யானை இலண்டமும். நம் முதல் 'யு' சான்றிதழ் சாணத்துக்குக் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இடக்கரடக்கல் செய்கிறவர் பேசிக்கொண்டேதான் இருப்பார். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை அங்கே வைப்பார். பீப்பில் அந்த இடம் காலியாக விடப்படுகிறது. காலி இடத்தைப் பிள்ளைகள் நிரப்புகிறார்கள். அச்சில் நாங்கள் போடும் மூன்று புள்ளியும் பீப்தான். தமிழ் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தாலே உயிர் போய்விடும். மூன்று வைத்தும் வசவு சாகவில்லை.

மலேசியாவில் இந்த வேலையைச் செய்கிற அமைப்பின் பெயர் லெம்பாகா பெனாப்பிஸ் ஃபிலெம். தமிழில் திரைப்படத் தணிக்கை வாரியம் என்று எழுதுகிறோம். தமிழில் தணிக்கை என்றால் கணக்குப் பார்ப்பதும்தான். ஆண்டுக் கூட்டம் நடக்கும் கோயில்களில் கேட்டுப் பாருங்கள். மலாயில் பெனாப்பிஸ் என்றால் வடிகட்டி. தே தாரிக் கடையில் தேயிலைச் சக்கையைப் பிடித்துக்கொள்ளும் துணிப்பைக்கும் அதே பெயர்தான். எனக்கு மலாய்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. சக்கையைத் தடுக்கிறது, சாயத்தை விட்டுவிடுகிறது.

உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் இந்த வாரியத்துக்கு 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் அடிப்படை. அதற்கு முன் 1952ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: பொது அமைதியும் பாதுகாப்பும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கமும் நாகரிகமும். முடிவு மூன்று வகை: வெட்டில்லாமல் தேறியது, மாற்றங்களோடு தேறியது, திரையிடத் தகாதது. ஒரு காலத்தில் பதினெட்டு வயதுக்கே நான்கு கிளைகள் இருந்தன. பயங்கரமும் வன்முறையும் என்றால் 18எஸ்ஜி, பாலியல் என்றால் 18எஸ்எக்ஸ், அரசியலும் சமயமும் என்றால் 18பிஏ, எல்லாம் கலந்தால் 18பிஎல். சுவரொட்டியில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வாலிபர்கள் எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமும், அதன் வழியில் 2004இல் பதிவாகி 2022இல் புதுப்பிக்கப்பட்ட உள்ளடக்க நெறிமுறையும் இருக்கின்றன. கெட்ட வார்த்தை அதில் தனித் தலைப்பு.

மறைப்பது எப்போதும் சத்தத்தால்தான் என்றில்லை. 2016 ஜூலை 22ஆம் தேதி 'கபாலி' வெளியானபோது நம் ஊர்த் திரையரங்குகளில் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு நினைவிருக்கும். பா. இரஞ்சித் அந்தக் கடைசிக் காட்சியை ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு திறந்தே விட்டிருந்தார். மலேசியப் பிரதியில் கபாலி போலீஸிடம் சரணடைந்ததாக ஒரு வரி எழுத்தில் வந்தது. அதாவது இயக்குநர் வேண்டுமென்றே விட்ட கோடிட்ட இடத்தை இங்கே அதிகாரிகளே நிரப்பித் தந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர், "ரஜினி சரண்டரா? போயா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். கூடவே இன்னொரு சொல்லும் சொன்னார். மூன்று புள்ளி.

இந்தியத் திரையரங்குகளில் பீப் குறைவு, ஒலி நீக்கம்தான் அதிகம். உதடு அசையும், சத்தம் வராது. பார்வை உள்ளவர்கள் உதட்டைப் படித்துக்கொள்கிறார்கள். இதை எழுதும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் ஞாபகம் வருகிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் மாலைக்கடை, முறுக்குக்கடை, உடுப்புக்கடைகளின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே வெள்ளைக் கோல் தட்டி நடப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். திரைப்படத்தைக் காதால் மட்டும் பார்க்கிறவருக்கு உதடும் இல்லை, மலாய்த் துணைவசனமும் இல்லை. ஒலி நீக்கினால் அவருக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பீப் போட்டால், ஏதோ நடந்தது என்றாவது தெரியும். பீப்புக்காக நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

இனி பீப் மூடுகிற சொற்களுக்கு வருவோம்.

2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சில நாளில், சிம்பு, அனிருத் பெயர்கள் அடிபட்ட ஒரு பாட்டு இணையத்தில் கசிந்தது. அதற்குப் பெயரே 'பீப் சாங்' ஆகிவிட்டது. பல்லவியிலிருந்த ஒரு சொல்லின் மேல் பீப் உட்கார்ந்திருந்தது. ஆனால் எது மறைந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாதர் சங்கத்தினர் புகார் கொடுத்தார்கள், கோயம்புத்தூரில் வழக்குப் பதிவானது, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் அதே பேச்சுத்தான். பெண்ணின் உடலை வசவாக்கும் பாட்டை எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள். ஆனால் எல்லா வாதமும் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது. சொல்லை எடுத்துவிட்டாலும் பாட்டின் எண்ணம் மிச்சமிருக்கிறதே என்று கேட்ட குரல்கள் அந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2017 நவம்பரில், பாலாவின் 'நாச்சியார்' டீசரில் காவல்துறை அதிகாரியாக வந்த ஜோதிகா ஒரு வசவைச் சொன்னார். 2023 அக்டோபரில் 'லியோ' முன்னோட்டத்தில் விஜய் ஏறக்குறைய அதையே சொன்னார். இரண்டுக்கும் கண்டனம் வந்தது. லியோவில் அந்தச் சொல்லின் ஒலி பிறகு நீக்கப்பட்டது.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் அதன் தாத்தாவை எழுதலாம். தேவரடியார். இறைவனுக்குத் தொண்டு செய்கிறவர் என்று பொருள். சோழர் காலத்தில் கோயில் சார்ந்த பெண்களுக்கு மரியாதையும் மானியமும் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் பேரோடும் வீட்டு எண்ணோடும் பதிவாகியிருக்கிறார்கள். நூற்றாண்டுகள் போகப் போக அந்தப் பெண்களின் வாழ்வு சுரண்டலில் சிக்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் எதிர்த்துப் போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து அது நின்றது. வழக்கம் போனது, வசவு தங்கிவிட்டது. இன்று வில்லனின் வாயில் பீப் மூடுவது அந்தப் பெண்ணைத்தான். 'மகனே' வெளியே கேட்கிறது. அம்மா பீப்புக்குள் இருக்கிறாள். தமிழில் கோபத்தின் இலக்கணம் அப்படி அமைந்துவிட்டது. ஆண் ஆணைத் திட்டுவான், அடி அங்கே இல்லாத ஒரு பெண்ணின் மேல் விழும். தணிக்கைக்காரரின் கத்தரியும் மிகச் சரியாக அவள் மேல்தான் விழுகிறது.

மலேசியத் தமிழன் திட்டும்போது இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் மூன்று மொழியில் திட்டுவார்கள். வீட்டில் தமிழில் வசை பாடினால் பல்லைத் தட்டும் அப்பா, மலாயில் 'போடோ' என்றால் கண்டுகொள்ள மாட்டார். ஹொக்கியென் வசவு என்றால் அவருக்கே ஒரு சிரிப்பு வரும். அடுத்தவர் மொழி வசவுக்கு நமக்குச் சூடு தெரிவதில்லை. மறுபுறம் நம்முடைய 'டேய்', 'மச்சா', 'போடா' மூன்றும் மலாய், சீன நண்பர்களின் வாயில் குடியுரிமை வாங்கிவிட்டன. மலாய்ப் பையன் ஒருவன் இன்னொரு மலாய்ப் பையனிடம் 'போடா' என்கிறான்; இருவருக்கும் அது வசவே இல்லை, தோள்தட்டல்.

ஆனால் இதே பாதையில் நம்மிடமிருந்து கிளம்பிப் போன இன்னொரு சொல் உண்டு. தமிழ்நாட்டில் பறை கொட்டிய மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வாயில் 'பரையா' ஆகி, ஆங்கிலத்தில் விலக்கப்பட்டவன் என்ற பொருள் பெற்று, மலாயில் 'பாரியா' என்று வந்து இறங்கியது. தெருநாய்க்கு அந்தப் பெயர். மனிதர்களைத் திட்டவும் அதே சொல். இதன் மேல் யாரும் பீப் வைத்து நான் கேட்டதில்லை. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட 'இண்டர்லோக்' நாவல், ஐந்தாம் படிவ இலக்கியப் பாடமாகக் கிள்ளான் பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கு வந்தபோதுதான் அது வெடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மணியத்தின் கதையில் 'பாரியா' சாதி என்ற குறிப்பு இருந்தது. 2011 தொடக்கத்தில் பெற்றோர்களும் இயக்கங்களும் எதிர்த்தார்கள். பிப்ரவரி 27ஆம் தேதி கோலாலம்பூர் நகர மையத்தில் இண்ட்ராஃப் இயக்கம் அழைத்த பேரணியில் பலர் கைதானார்கள். குழு அமைத்தார்கள், திருத்தங்கள் பேசினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் புத்தகம் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அப்போது நானும் அந்தக் கோபத்தில் இருந்தேன். இன்றைக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்தச் சொல் நம்மைக் குறித்தபோது கொதித்தோம். நம்முடைய கல்யாணப் பேச்சுகளில், கோயில் நிர்வாகச் சண்டைகளில், தணிந்த குரலில் அதே சாதிப்பெயர் வசவாக வரும்போது எத்தனை பேர் கொதித்தோம்? தமிழ் சினிமாவில் 'சண்டாளா', 'சண்டாளி' என்பதை எவ்வளவு காலம் கொஞ்சலாகவும் கோபமாகவும் கேட்டு ரசித்தோம்? அது பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர், அதை இழிவாகப் பயன்படுத்துவது குற்றம் என்று 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் எச்சரித்த பிறகுதான் பலருக்கே தெரிந்தது. தொல்காப்பியர் சொன்ன அந்த விதி இங்கே வேறு முகத்தோடு நிற்கிறது: பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டாம். பழகியது யாருக்கு என்பதை எந்த உரைகாரரும் கேட்கவில்லை.

மலாயில் நம்மைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லின் கதையும் இதுதான். கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தப் பெயரோடு பெருமையாக நிற்கிறது. அதே சொல்லைத் தெருவில் ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னால் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. எந்தக் கருவிக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்பது? பட்டியல் போட்டு மறைப்பது எளிது. அமெரிக்காவில் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1972இல் தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்கள் என்று ஒரு பட்டியலையே மேடையில் வாசித்தார். வானொலியில் அதே வகையான அவரது நகைச்சுவை ஒன்று ஒலிபரப்பாகி, வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றம் வரை போய், பிள்ளைகள் கேட்கும் நேரத்தில் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. நம்மிடம் ஏழோடு நிற்காது. நம் வசவுகளில் பாதி, பட்டியலில் சேராத சாதாரணச் சொற்கள். சொல்கிறவரின் குரலில்தான் அதன் விஷம்.

இதற்கிடையில் 'பீப்' தானே ஒரு சொல்லாகிவிட்டதைக் கவனித்தீர்களா? "அவன் ஒரு பீப்புடா" என்று இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். மறைக்க வந்த சத்தம், மறைக்கப்பட்டதன் பெயராக மாறி, இப்போது ஆசிரியர் முன்னாலும் சொல்லக்கூடிய வசவாக நடமாடுகிறது. சுற்றி வளைத்துப் பார்த்தால் அதுவும் இடக்கரடக்கல்தான். நன்னூலார் இருந்தால் கால் கழுவியதன் பக்கத்தில் இதையும் சேர்த்திருப்பார்.

அன்று இரவு படம் முடிந்ததும் அத்தையிடம் பேச்சு கொடுத்தேன். அத்தை பிறந்தது காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, கங்காணி பெயர் கூப்பிட, வாளியும் உளியுமாக நிரைக்குப் போனவர். இந்தக் காலத்துப் படங்களில் பேச்சு ரொம்ப மோசமாகிவிட்டது இல்லையா என்று கேட்டேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு பேச்சாய்யா? பெரட்டுல கொஞ்சம் லேட்டா போய் நின்னா கங்காணி எங்க அம்மாவ எப்படிக் கூப்பிடுவான் தெரியுமா? நாங்க புள்ளைங்க எல்லாம் பக்கத்துலதான் நிப்போம்."

"எப்படிக் கூப்பிடுவார்?"

அத்தை வாயைத் திறந்தார். பேரன் வர்ணப் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவனையே ஒரு கணம் பார்த்துவிட்டு, அத்தை மெதுவாகச் சொன்னார்:

"பீப்."